அடிமரத்துத் தூளைப் படிப்பது: தடிமரத் தோப்புகளில் துளைக்கும் வண்டுகளைக் கண்டு அடக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், தாராபுரத்துக்குத் தெற்கே எங்கள் உறவினர் ஒருவரின் சவுக்குத் தோப்பில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று ஒரே இரவில் பதினொரு மரங்களைச் சாய்த்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆகவே வந்தவர் எல்லாரும் காற்றையே குறை சொன்னார்கள். பக்கத்து வரிசையில் அதே உயரமும் அதே வயதும் உடைய மரங்கள் அசையாமல் நின்றதை யாரும் கேள்வியாகக் கேட்கவில்லை. சாய்ந்த மரம் ஒன்றைப் புரட்டி, அதன் ஆணிவேரை அரிவாளால் பிளந்தபோது, வேர் முழுவதும் புல்லாங்குழல் போலக் குடையப்பட்டிருந்தது. உள்ளே, விரல் நீளத்தில், கால்களே இல்லாத வெள்ளைப் புழு ஒன்று கிடந்தது. அந்தப் புழு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அங்கே இருந்திருக்க வேண்டும். அத்தனை மாதங்களும் மரத்தின் அடியில் தூள் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும். குனிந்து பார்த்தவர் இல்லை.

மலைவேம்பு, தேக்கு, சவுக்கு, தைல மரம், சவுண்டல், சந்தனம் என்று கீழ்பவானிப் பாசனப் பகுதியிலும், நொய்யல், அமராவதிக் கரைகளிலும், கிணற்றை மட்டும் நம்பிய மேட்டுக் காடுகளிலும் மரம் வளர்ப்போர் பெருகியிருக்கும் இக்காலத்தில், மரத்தைத் துளைக்கும் வண்டுகளைப் பற்றிய தெளிவு அதே அளவுக்குப் பெருகவில்லை. இலையைத் தின்னும் புழு வந்தால் தோப்பே மொட்டையாகிக் கண்ணில் படும். அடுத்த மழைக்கு மரம் தளிர்த்தும் விடும். துளைக்கும் வண்டின் சேதமோ பட்டைக்கு உள்ளே நடக்கிறது, விற்கும் நாளில்தான் வெளியே தெரிகிறது. மலைவேம்புக் கட்டையைச் சுழற்றிச் சீவி வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள் எடுக்கும்போது, வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லும் ஒரே ஒரு துளை, ஒவ்வொரு சுற்றிலும் தாளில் ஓர் ஓட்டையாகத் திரும்பத் திரும்ப வரும். "இது ஓட்டை விழுந்த மரமுங்க, வெறகு வெலைக்குத்தான் எடுத்துக்க முடியுமுங்க" என்று வியாபாரி சொல்லும்போது அவரைக் குறை சொல்ல இடமில்லை. ஆகவே துளையைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கும் முறை, கண்ட பிறகு செய்ய வேண்டியது, மரத்தை வெட்டிய பிறகு கட்டையைக் காக்கும் வழி ஆகியவற்றை, எங்கள் பகுதியின் மண்ணையும் மழையையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

துளைத்தது யார் என்று அறிதல்

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். மரத்தைத் துளைப்பவை எல்லாம் வண்டுகள் அல்ல. அந்துப்பூச்சிகளின் புழுக்களும் துளைக்கின்றன, கரையான் வேறு இருக்கிறது. மூன்றுக்கும் மருத்துவம் வேறு. பட்டையின் மேல் மண்ணால் ஆன வரி ஏறியிருந்தால் அது கரையான். அது பெரும்பாலும் காய்ந்த வெளிப்பட்டையைத்தான் தின்கிறது. ஆனாலும் அதைப் பார்த்துப் பயந்து கரையான் மருந்தை ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே தூள் தள்ளிக்கொண்டிருக்கும் உண்மையான துளையைக் கவனிக்காமல் விட்டவர்கள் பலரை அறிவேன். பட்டையின் மேல் பட்டு நூலும் கழிவும் கலந்து நெய்த, பழுப்பு நிறத் துணிநாடா போன்ற மூடாக்கு நெளிந்து சென்றால், அது பட்டை தின்னும் புழு. இந்தர்பெலா என்னும் அந்துப்பூச்சியினுடையது. சவுக்கிலும் பல பழ மரங்களிலும் வரும். பகலில் ஒரு சிறு பொந்துக்குள் ஒளிந்திருந்து, இரவில் அந்த மூடாக்கின் கீழே வந்து பட்டையைத் தின்னும்.

மற்றவற்றைத் தூளைக் கொண்டே பிரித்தறியலாம். தூளை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பார்க்க வேண்டும். சீவிய தேங்காய்த் துருவலைப் போல நார் நாராக, ஈரமாக, சற்றே சிவந்து இருந்தால், உள்ளே இருப்பது நீள்கொம்பு வண்டின் புழு. கடுகு அல்லது அரிசி அளவுக்குக் கெட்டியான உருண்டைகளாக உதிர்ந்திருந்தால், அது அந்துப்பூச்சியின் புழு. சூசெரா என்னும் வகையின் செந்நிறப் புழு இப்படித்தான் தள்ளும், காப்பியிலும் சந்தனத்திலும் சவுக்கிலும் அதைக் காணலாம். வெள்ளை மாவாகவோ, பல்குத்தும் குச்சியைப் போல மெல்லிய தூள்கம்பிகளாகவோ பட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்து, துளை குண்டூசித் தலை அளவே இருந்தால், அது பூஞ்சணம் வளர்க்கும் சிறு வண்டு. காய்ந்த கட்டையிலிருந்து முகப்பவுடர் போல வழவழப்பான மாவு கொட்டினால் அது உளு. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புழுவே கையில் கிடைத்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. வண்டின் புழு பால் நிறத்தில், தலைக்குப் பின்புறம் பரந்து தட்டையாக, பின்னால் வரவர ஒடுங்கி இருக்கும். நீள்கொம்பு வண்டின் புழுவுக்குக் கால்கள் கண்ணுக்குத் தெரியாது. அந்துப்பூச்சியின் புழுவுக்கு முன்னால் மூன்று இணைக் கால்களும், நடு உடலில் சதைக் கால்களும் தெளிவாக இருக்கும். தரையில் விட்டால் ஊர்ந்து நடக்கும். வண்டின் புழுவைத் தரையில் விட்டால் நெளியுமே தவிர நடக்க முடியாது. அதன் நடை எல்லாம் சுரங்கத்துக்குள்தான்.

வேரில் குடியிருப்பது

நான் முதலில் சொன்ன சவுக்குத் தோப்பின் எதிரி செலோஸ்டெர்னா ஸ்காப்ரேட்டர் என்னும் நீள்கொம்பு வண்டு. கருவேலம், சவுக்கு, தைல மரம் ஆகியவற்றின் இளங்கன்றுகளைத் தாக்கும் இது, திராட்சைத் தோட்டத்தாருக்கும் தண்டுத் துளைப்பானாக அறிமுகமானது. மங்கிய மண் நிறத்தில், ஒன்றரை அங்குலம் வரை நீளமாக இருக்கும். மழை தொடங்கியதும் வெளியே வந்து இளங்கிளைகளின் பட்டையைக் கொறிக்கும். கொறித்த இடம் ஒழுங்கற்ற திட்டுகளாகத் தெரியும், கிளையைச் சுற்றி முழுவதும் கொறித்திருந்தால் அதற்கு மேல் உள்ள பகுதி வாடித் தொங்கும். தோப்பில் முதன்முதலாகக் கிடைக்கும் அறிகுறி இதுவே. இதைக் கண்டவுடன் செயல்பட்டால் ஓராண்டுச் சேதம் தவிரும். பெண் வண்டு தரைமட்டத்தை ஒட்டிய தண்டில் பட்டையைக் கீறி, உள்ளே முட்டையைத் தனித்தனியாக வைக்கிறது. பொரித்த புழு பட்டைக்கு அடியில் சிறிது காலம் தின்றுவிட்டு, கட்டைக்குள் புகுந்து கீழ்நோக்கி ஆணிவேருக்கு இறங்குகிறது. தரையை ஒட்டி ஒரு துளையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வழியாக நார்த்தூளை வெளியே தள்ளுகிறது. ஓராண்டு கழித்து அடுத்த மழையில் வண்டாகி வெளியேறும்போது, ஒல்லியான கன்றாக இருந்தால் வேர் வெறும் குழாயாகி இருக்கும்.

இந்த வாழ்க்கை முறையை மனத்தில் வைத்தால் செய்ய வேண்டியவை தாமே விளங்கும். மழை பெய்த அடுத்த சில வாரங்களில், கொறித்த கிளைகளைத் தேடிச் சென்று வண்டுகளைக் கையால் பொறுக்கி அழிக்க வேண்டும். சிறிய தோப்பில் வீட்டார் இருவர் காலையில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். ஒரு பெண் வண்டை அப்போது பிடிப்பது, பின்னால் பல வேர்களைக் காப்பதற்குச் சமம். அடிமரத்தைச் சுற்றிப் புல்லும் கொடியும் மண்டாமல் வைத்திருக்க வேண்டும். தூள் விழுந்தால் தெரிவதற்காகவும் அது தேவை. வெட்டிய கட்டையின் அடிக்குற்றியையும் தோண்டி எடுப்பது நல்லது; ஆணிவேரில் புழு உயிரோடு இருக்கும்போது மேல்மரத்தை மட்டும் விற்றுவிட்டு அதே நிலத்தில் மறுபடியும் சவுக்கு நட்டால், புதுக் கன்றுகளுக்குப் பழைய வண்டே காத்திருக்கும்.

மா, பலா, இலவம், அத்தி ஆகியவை வரப்பில் நிற்கும் தோட்டங்களில் பட்டோசெரா என்னும் பெரிய வண்டு வரலாம். சாம்பல் நிற உடலின் கழுத்துப் பகுதியில் இரண்டு செம்புள்ளிகள் உடையது, அதன் புழு நான்கு அங்குலம் வரை வளரும். மாமரத்தில் அதன் துளையிலிருந்து கருஞ்சாறு வடிவதைப் பலர் பார்த்திருப்பர். சந்தனத்தில் வைரம் வரைக்கும், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதி வரைக்கும், புகும் நீள்கொம்பு வண்டுகள் உண்டு. வைரமே விலை என்பதால் அங்கே ஒவ்வொரு துளையும் இழப்பு. சந்தன மரத்தைத் தாக்குதல் முற்றியது என்று வெட்டி அகற்றுவதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

குண்டூசித் துளையிடும் சிறு வண்டுகளின் வாழ்வு வியப்புக்குரியது. இவை மரத்தைத் தின்பதில்லை. தம்மோடு கொண்டுவரும் பூஞ்சணத்தைச் சுரங்கச் சுவரில் விதைத்து, அது வளர்வதை அறுத்து உண்டு, குஞ்சுகளுக்கும் ஊட்டும் உழவர்கள் இவை. சைலிபோரஸ் முதலிய இனங்களில் ஆண் வண்டு குட்டையானது, பறக்க முடியாதது. சுரங்கத்துக்குள்ளேயே உடன்பிறந்தவற்றோடு கூடுகிறது. ஆகவே ஒரே ஒரு தாய் வண்டு பறந்து வந்தால் போதும், புதுக்குடி தொடங்கிவிடும். துளைச் சுவர் கறுத்திருப்பது அந்தப் பூஞ்சணத்தால். பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும் என்பதால், வாடிய மரத்தையும் வெட்டிய பச்சைக் கட்டையையுமே நாடுகின்றன. கட்டை நன்றாகக் காய்ந்ததும் தாமே அழிந்துபோகின்றன. வால்பாறைப் பக்கம் தேயிலைக்காரர்கள் நன்கு அறிந்த துளைப்பான் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

மரம் இடம் கொடுக்கும் காரணங்கள்

நீர்ப்பிடிப்புள்ள, திடமான மரத்தின் பட்டைக்குள் முட்டையிலிருந்து வெளிவந்த சிறு புழு நுழைந்தால், சாறும் பிசினும் ஊறி அதை மூழ்கடிக்கும். தண்ணீர் இல்லாமல் தவிக்கும் மரத்தில் அந்தச் சாறு ஊறாது. கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது; கோவையிலேயே ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கிறது, காங்கேயம், தாராபுரம் பக்கம் இன்னும் இறுக்கம். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டு இந்தப் பகுதியில் தென்னை கூட்டம் கூட்டமாகக் கருகியதை யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய ஆண்டைத் தாண்டி உயிர் பிழைத்த மரங்களே, அடுத்து வரும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் துளைப்பான்களுக்கு எளிதாக ஆளாகும். இலை மறுபடி பசுமையானதைக் கண்டு கவலையை விட்டுவிடாமல், வறட்சிக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில்தான் தோப்பைக் கூடுதலாகச் சுற்றி வர வேண்டும் என்பது என் அனுபவம்.

ஆகவே நடும்போதே தண்ணீரைக் கணக்கிட்டு நட வேண்டும். கோடையில் கிணறு எத்தனை மரத்துக்குத் தண்ணீர் தருமோ அத்தனையே நடுவது, பாதி மரங்களைத் தவிக்கவிட்டு முழு ஏக்கரையும் நிரப்புவதைவிட மேலானது. சுண்ணாம்புப் பாறை ஒன்றரை அடியில் தட்டும் நிலத்தில் தேக்கு நட்டுவிட்டு, பிறகு வண்டுக்கு மருந்து தேடுவது வீண் செலவு. அந்த மண்ணில் நம் முன்னோர் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் வெள்வேலையும் கிளுவை வேலியையும் வைத்ததற்குக் காரணம் இருந்தது. இடைவெளி நெருங்கிப்போன தோப்பில் நிழலில் அமுங்கிய ஒல்லி மரங்கள் முதலில் தாக்கப்படும். அவற்றை உரிய வயதில் கலைத்து எடுப்பது வருமானமும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

இன்னொரு வாசலை நாம் கையாலேயே திறந்து வைக்கிறோம். மலைவேம்பை நேராக வளர்க்கும் ஆசையில் பக்கக் கிளைகளை அரிவாளால் வெட்டும்போது, பட்டை நார் நாராகக் கிழிந்து அடிமரம் வரை உரிகிறது. டிராக்டரின் கலப்பை அடிமரத்தில் உரசுகிறது. ஆடுமாடு கட்டும் கயிறு பட்டையை அறுக்கிறது. காயத்தின் வாடை வண்டை அழைக்கும். கிளை விரல் பருமனில் இருக்கும்போதே, கூரிய கத்தரிக்கோல் அல்லது ரம்பத்தால், உலர்ந்த பருவத்தில் கழிக்க வேண்டும். பெரிய வெட்டுவாயில் அன்றைக்கே போர்டோ பசையைத் தடவ வேண்டும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்ற அளவில், இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. மழை நின்ற கையோடு வண்டுகள் பறக்கும் நாட்களில் கிளை கழிப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

தோப்பைச் சுற்றி வருதல்

மாதம் ஒருமுறை, மழைக்குப் பிந்தைய இரண்டு மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, எல்லா வரிசைகளிலும் நடந்தால் போதும். மரத்தின் உச்சியைப் பார்த்தபடி நடக்கும் பழக்கத்தை மாற்றி, முதலில் அடியைப் பார்க்க வேண்டும்: தரையில் தூள், பட்டையில் வடிந்து காய்ந்த சாறு, வெடிப்பு, வீக்கம், தட்டினால் பொள்ளென்று கேட்கும் இடம். அதன் பிறகு கிளைகள் பிரியும் கவட்டு, இறுதியாக உச்சி. உச்சி காய்ந்த மரத்தில் தாக்குதல் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

தூள் கிடைத்தால் அது பழையதா புதியதா என்று அறிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. தூளை முழுவதும் துடைத்து எடுத்துவிட்டு, துளையைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வர வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது புதுத் தூள் இருந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது. இல்லாவிட்டால், அது கூடுகட்டிவிட்டதா, வெளியேறிவிட்டதா, மரங்கொத்தி எடுத்துவிட்டதா என்று பார்க்கலாம். விளிம்பு சுத்தமாக, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, தூள் ஒட்டாமல் இருக்கும் துளை பெரும்பாலும் வண்டு வெளியேறிய வாசல். காலியான துளையில் மருந்து ஊற்றுவது நான் கண்ட மிகப் பொதுவான வீண்செலவு. சுண்ணாம்பு வட்டம் போட்ட மரங்களின் வரிசை எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், இரண்டாம் ஆண்டில் தாக்குதல் எந்த மூலையிலிருந்து பரவுகிறது என்பது தெரியவரும். எங்கள் தோப்பில் அது வரப்போரம் நின்ற பட்டுப்போன ஒரு கருவேல மரத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

மரங்கொத்திகள் அடிக்கடி ஒரே மரத்தில் கொத்துவதைக் கண்டால் அந்த மரத்தை நன்கு சோதிக்க வேண்டும். அவற்றை விரட்டக் கூடாது. தோப்பின் ஓரத்தில் அவை கூடு குடையத் தக்க பழைய மரம் ஒன்றிரண்டை, துளைப்பான் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விட்டு வைப்பது நன்று.

துளை கிடைத்த பிறகு

சுரங்கம் ஆழமாகாத நிலையில், வளையும் தன்மையுள்ள கம்பியே சிறந்த கருவி. பழைய சைக்கிள் ஆரக்கம்பியின் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, துளைக்குள் மெதுவாகச் செலுத்தி, தடை தட்டும் இடத்தில் சுழற்றி இழுத்தால் புழு வெளியே வரும், அல்லது குத்துப்பட்டு இறக்கும். கம்பியின் நுனியில் பால் போன்ற ஈரம் ஒட்டியிருப்பது அதற்கு அடையாளம். பிறகு துளையைச் சுத்தம் செய்து களிமண்ணால் இறுக்கி அடைத்து, அதே மரத்தை இரண்டு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். புழு இன்னும் இருந்தால் களிமண்ணைத் தள்ளியிருக்கும்.

கம்பி எட்டாத சுரங்கத்தில், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து வாயைக் களிமண்ணால் அடைப்பது பழைய முறை; காற்றுப் போகாமல் அடைப்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது. பூச்சிமருந்தைத் துளைக்குள் செலுத்துவதாக இருந்தால், அந்த மரத்துக்கும் அந்தப் பூச்சிக்கும் தற்போது பரிந்துரையில் உள்ள மருந்து எது, அளவு என்ன என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்ட பிறகே வாங்க வேண்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய துண்டறிக்கைகளில் துளைக்குள் ஊற்றச் சொல்லியிருக்கும் டைகுளோர்வாஸ் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. போரேட் குருணையும் அதே நாளோடு தடைப்பட்டது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துளைக்குள் போட்டு அடைக்கும்படி சொல்வோர் இன்றும் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும், அந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது, பயிற்சி பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் அதைக் கையாளக் கூடாது. ஒரு மரத்துக்காக வீட்டில் அதை வாங்கி வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

பவேரியா, மெட்டாரைசியம் போன்ற பூஞ்சணக் கரைசல்கள் புழுவையும் வண்டையும் நோயுறச் செய்து கொல்லும். ஆனால் அவை ஈரத்தில்தான் வேலை செய்யும். மழைக்காலத்தில், மாலை வேளையில், துளைக்குள்ளும் அடிமரத்திலும் படும்படி தெளித்தால் பலன் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் தெளித்தால் பணம் காற்றோடு போகும்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டை இறந்துபோன மரத்தையும், பல துளைகள் உள்ள ஒல்லி மரத்தையும் காப்பாற்ற முயல்வதைவிட வெட்டிவிடுவதே நல்லது. அடுத்த மழைக்கு முன், அதாவது வண்டு வெளிவரும் முன், வெட்ட வேண்டும். வெட்டியதைத் தோப்புக்குள் அடுக்கி வைக்கக் கூடாது. விறகாக எரிப்பது, அல்லது பிளந்து வெயிலில் பரப்புவது நல்லது. மத்திய இந்தியாவின் சால் மரக் காடுகளில் ஹாப்லோசெராம்பிக்ஸ் என்னும் நீள்கொம்பு வண்டு பெருகிய ஆண்டுகளில், மத்தியப் பிரதேசத்தில் லட்சக்கணக்கான மரங்களை வெட்டி அகற்ற நேர்ந்தது. அங்கே வனத்துறை கையாண்ட முறைகளில் ஒன்று, புதிதாக வெட்டிய கட்டையின் பட்டையை நசுக்கிப் போட்டு, சாற்று வாடைக்கு வரும் வண்டுகளை ஆள் வைத்துப் பொறுக்குவது. நம் தோப்புகளிலும் பச்சைக் கட்டையைப் பொறியாக வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நாள் தவறாமல் போய் எடுத்து எரிக்கும் உறுதி இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் நாமே விருந்து வைத்து எதிரியைப் பெருக்கியவர்கள் ஆவோம்.

வெட்டிய பிறகு

நின்ற மரத்தை வருடக்கணக்கில் காத்தவர்கள், வெட்டிய ஒரு மாதத்தில் கட்டையை இழப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். லாரி வரும் வரை, விலை ஏறும் வரை, என்று தோப்புக்குள்ளேயே பட்டையோடு கட்டை கிடக்கிறது. குண்டூசித் துளை வண்டுகள் சில நாட்களிலேயே வந்துவிடும். ஆகவே விற்பனையை முடிவு செய்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டிய கட்டையை இயன்றவரை விரைவில் அறுவை மில்லுக்கு அனுப்ப வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்தால் பட்டையை உரித்து, தரையில் படாமல் குறுக்குச் சட்டங்களின் மேல், காற்றோட்டமான நிழலில் அடுக்க வேண்டும். வெனீர் எடுக்கும் மலைவேம்பைக் காயவிடக் கூடாது. அதை உடனே அனுப்புவது, அல்லது தண்ணீர் தெளித்து முழு ஈரத்தில் வைப்பது என்ற இரண்டு வழிதான் உண்டு. பாதி ஈரம் பாதி காய்ச்சல் என்ற நடுநிலையே வண்டுக்கு உகந்தது.

காய்ந்த கட்டையில் வருவது உளு. லிக்டஸ், சைனாக்சிலான் போன்ற வண்டுகள் மரத்தின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வருகின்றன. வைரத்தை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. தேக்கு உளுக்காது என்ற நம்பிக்கை வைரத்துக்குத்தான் பொருந்தும். வாய்க்கால் தண்ணீரில் வேகமாக வளர்த்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வெட்டிய தேக்கில் வெள்ளைப் பகுதி கணிசமாக இருக்கும். அதைச் சேர்த்து அறுத்துக் கதவுச் சட்டம் செய்துவிட்டு, மாவு கொட்டுகிறதே என்று வருந்துவோர் உண்டு. ஆசாரியிடம் வெள்ளையைக் கழித்து அறுக்கச் சொல்ல வேண்டும், அல்லது அந்தப் பகுதிக்கு மருந்தூட்ட வேண்டும்.

மாவுச்சத்தைக் குறைக்கும் வழியை நம்மவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். வண்டிச் சக்கரத்துக்கான கருவேலங்கட்டையையும், பந்தலுக்கான மூங்கிலையும் குளத்திலோ கிணற்றிலோ வாரக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பது அதற்காகவே. தண்ணீரில் சர்க்கரையும் மாவுச்சத்தும் கரைந்தும் புளித்தும் போகின்றன. நாற்றம் வரும், கட்டையின் நிறம் சற்று மங்கும், ஆனால் டைனோடெரஸ் என்னும் மூங்கில் வண்டு அதை எளிதில் அண்டாது. தேய்பிறையில் மூங்கில் வெட்ட வேண்டும் என்ற வழக்கத்தைப் பின்பற்றுவோரிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் ஊறப்போடும் வேலையைத் தேய்பிறை ஈடு செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்று எளிதாகச் செய்யக்கூடியது வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல். ரப்பர் மரக்கட்டை உளுக்காமல் தட்டுமுட்டுச் சாமான் செய்வதற்குக் கேரளத்தில் பரவலாகக் கையாளப்படுவது இதுதான். நூறு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2.4 கிலோ போரிக் அமிலம், 3.6 கிலோ வெண்காரம் என்ற அளவில் வெந்நீரில் கரைக்கலாம். அறுத்த பலகை பச்சையாக இருக்கும்போதே, அன்றோ மறுநாளோ, முழுவதும் முக்கி எடுக்க வேண்டும். காய்ந்த பலகைக்குள் இது இறங்காது. எடுத்த பலகைகளை நெருக்கி அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாக மூடி இரண்டு மூன்று வாரம் வைத்தால், ஈரத்தின் வழியே மருந்து உட்புறத்துக்குப் பரவும். அதற்குப் பிறகே பிரித்துக் காயவைக்க வேண்டும். மழை படும் இடத்தில் இந்த மருந்து கரைந்து போய்விடும். வீட்டுக்கு உள்ளே பயன்படும் கட்டைக்கு மட்டும் உரியது. கையுறை அணிந்து கலக்க வேண்டும், மிச்சக் கரைசலை வாய்க்காலிலோ பயிர் நிலத்திலோ ஊற்றக் கூடாது. போரான் மிகுந்தால் பயிர் கருகும்.

வெப்பமும் வண்டைக் கொல்லும். கோவையிலிருந்து வெளிநாடு செல்லும் பம்பு, இயந்திரப் பெட்டிகளின் மரச்சட்டங்களை, நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றி முத்திரை குத்துவது, இந்த வண்டுகள் நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கும் பன்னாட்டு விதியின்படிதான். சூளை வைத்திருக்கும் மில்லில் உங்கள் பலகைகளையும் அந்த அளவுக்குக் காயவைக்கக் கேட்கலாம். ஆனால் வெப்பம் அப்போது உள்ளே இருப்பதைக் கொல்லுமே தவிர, பின்னால் வருவதைத் தடுக்காது. ஆகவே சூளையிலிருந்து வந்த பலகையைப் பழைய உளுத்த கட்டைகளின் பக்கத்தில் வைக்கக் கூடாது. வார்னிஷ் அல்லது எண்ணெய் பூசி முட்டையிடும் நுண்துளைகளை அடைத்துவிட வேண்டும்.

என்ன புழு என்று தெரியாமல் தடுமாறும்போது, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்கோ, மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக் கல்லூரிக்கோ மாதிரியை எடுத்துச் செல்லலாம். புழுவை உயிரோடு பாலிதீன் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் நிரப்பிய சிறு சீசாவில் இட வேண்டும். துளையுள்ள கட்டையை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, கீழே விழுந்த தூளையும் ஒரு தாளில் மடித்து உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மரம், என்ன வயது, எந்த ஊர், எந்தத் தேதியில் எடுத்தது, தண்ணீர் எப்போது விட்டது என்பதைப் பென்சிலால் எழுதி, அந்தச் சீட்டைச் சீசாவுக்கு உள்ளேயே போட்டுவிட வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.